குளவிக் கூட்டுக்குள் குடியேறும் வேறு குளவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறிக் குமுளி மலைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் குளவி அன்றாடம் காணும் உயிர். நாம் கதண்டு என்றும் கடந்தை என்றும் அஞ்சிச் சொல்வதை உடன் வேலை செய்யும் மலையாளத்தார் கடன்னல் என்பார்கள். அச்சம் இரு மொழியிலும் ஒன்றுதான். அந்த அச்சத்தால் நாம் கூட்டைத் தூரத்திலிருந்தே பார்க்கிறோம், முடிந்தால் கொளுத்திவிடுகிறோம். ஆனால் ஒரு கூட்டில் இருப்பவை எல்லாம் அந்தக் கூட்டைக் கட்டியவற்றின் பிள்ளைகள் அல்ல. பிறர் கட்டிய கூட்டில் தம் குஞ்சுகளை வளர்த்துக்கொள்ளும் குளவிகளைப் பற்றித் தோட்டத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குளவிக் கூட்டுக்குள் இன்னொரு குளவி எப்படி வாழ முடியும்? எல்லாம் ஒரே இனம்தானே?

குளவி என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவற்றுள் ஆயிரக்கணக்கான இனங்கள் அடங்கும். கூட்டமாக வாழ்ந்து கொட்டுபவை அவற்றுள் சிறு பகுதியே. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிலும் மிகப் பல, வேறு பூச்சியின் உடலில் அல்லது உடல்மேல் முட்டையிட்டு, அந்தப் பூச்சியையே தம் குஞ்சுக்கு உணவாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள். இலையைத் தின்னும் புழுவுக்கு ஒட்டுண்ணி இருப்பதுபோலவே, கூட்டுக்குள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு இரைக்காகக் காத்திருக்கும் குளவிப் புழுவுக்கும் ஒட்டுண்ணி உண்டு. அதுவும் அந்த இடத்தை விட்டு ஓட முடியாத ஒரு புழுதானே.

இவற்றின் வழிகள் இரண்டு. முதல் வகை, கூட்டின் புழுவையோ கூட்டுப்புழுவையோ தின்று வளர்வது. இரண்டாம் வகையின் வழி புழுவைத் தின்பதன்று. கூட்டின் ராணியை வீழ்த்தி அவளுடைய இடத்தில் தான் அமர்ந்து, அவளுடைய வேலைக்காரக் குளவிகளைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்வது. இந்த இரண்டாவதைச் சமூக ஒட்டுண்ணி என்பார்கள். எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது அதுதான்.

நம் பக்கத்தில் கூட்டமாக வாழும் குளவிகள் எவை?

வீட்டுச் சன்னல் சட்டத்திலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரைக்கு அடியிலும், உறையில்லாமல் தொங்கும் சிறிய காகிதக் கூடுகளைக் கட்டுவது ரோபாலிடியா மார்ஜினேட்டா. செம்பழுப்பு உடலில் மஞ்சள் பட்டை தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி இதுவே. இதன் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேறுபாடு இல்லை, ராணி சாதுவானவள், தென்னிந்தியாவில் ஆண்டு முழுவதும் கூடு உயிரோடு இருக்கும் என்பனவெல்லாம் அந்த ஆய்வுகளால் தெளிவானவை. இதே பேரினத்தைச் சேர்ந்த ரோபாலிடியா மொண்டானா மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஆயிரக்கணக்கான குளவிகள் வாழும் பெரிய கூடுகளைக் கட்டுகிறது. கதண்டு என்று நாம் சொல்பவை வெஸ்பா பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் வெஸ்பா டிராப்பிக்கா, மேலே சொன்ன சின்னக் கூடுகளுக்குள் புகுந்து புழுக்களைச் சூறையாடும். அது வெறும் கொள்ளை; குடியேற்றம் அன்று. ஆகவே இந்தப் பக்கத்தின் பொருளில் அது சேராது.

"குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்" என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. சற்று விரித்தே சொல்ல வேண்டும். வேட்டுவன் குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைத்துவிட்டுக் கொட்டிக் கொட்டிச் செல்லும், அந்தப் புழு குளவியையே நினைந்து நினைந்து குளவியாகவே வெளிவரும் என்பது நம் பெரியோர் சொல்லிவந்த உவமை. சீடன் குருவாகும் நிலையை விளக்க அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

கண்ட காட்சியில் பிழை இல்லை. புழு உள்ளே போனதும் உண்மை, குளவி வெளியே வந்ததும் உண்மை. இடையில் நடந்ததுதான் வேறு. கொட்டுவது புழுவைக் கொல்லாமல் அசைவற்றதாக்க. அதன் உடல் அழுகாமல் கிடக்கும். அத்துடன் குளவி ஒரு முட்டையையும் அறைக்குள் இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து மண்ணைத் துளைத்து வெளியேறுகிறது. பச்சைப் புழுவைக் கொண்டுவருபவை பெரும்பாலும் சிறு பானைபோலக் கூடு கட்டும் குளவிகள். வீட்டுச் சுவரில் ஈரமண்ணை உருட்டி அப்பும் மெல்லிடைக் குளவியோ சிலந்திகளைத்தான் அடைக்கும். அதன் அறிவியல் பெயர் செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781-இல் ஃபாப்ரீசியஸ் வைத்த அந்தப் பெயருக்குள் நம் மதராஸ்பட்டணம் ஒளிந்திருக்கிறது.

இதற்கும் மேலே ஒரு திருப்பம் உண்டு. எங்கள் பம்ப்செட் அறையின் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த ஒரு மண்கூட்டைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, வாயில் கொசுவலைத் துணி கட்டி வைத்திருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் சாடிக்குள் நின்றது கறுப்பும் மஞ்சளுமான மண்குளவி அன்று; மயிற்கழுத்துப் பச்சையில் மின்னும், உடலெங்கும் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள் கொண்ட வேறொரு குளவி. சாடியை லேசாகத் தட்டியதும் அது தலையையும் வயிற்றையும் சேர்த்து உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அது ஸ்டில்பம் சையானுரம் என்னும் பொற்குளவி. தாய்க்குளவி மூடிவிட்டுப் போன அறையின் மண்சுவரைத் துளைத்து, உள்ளே வளர்ந்த குளவிப் புழுவின் மேல் இது முட்டையிடும். சிலந்தியைத் தின்றது மண்குளவிக் குஞ்சு. அந்தக் குஞ்சைத் தின்றது பொற்குளவிக் குஞ்சு. சொந்தக்காரி மண் சுமந்து கட்டிய அறையிலிருந்து அயலாள் வெளிவருகிறாள். மண்குளவி தனித்து வாழ்வது. கூட்டமாக வாழும் குளவிகளின் காகிதக் கூட்டில் நடப்பதைப் புரிந்துகொள்ள இது நல்ல தொடக்கம்.

காவல் இருக்கும் கூட்டுக்குள் ஒட்டுண்ணி எப்படி நுழைகிறது?

தனிக்குளவி இரை தேடப் போனால் கூடு காவலற்றுக் கிடக்கும். சமூகக் குளவியின் கூட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அதனால் இங்கே ஒட்டுண்ணிக்கு வேண்டியது விரைவும் பொறுமையும். இக்நியூமோனிட் எனப்படும் நீண்ட உணர்கொம்புடைய மெல்லிய குளவிகள் கூட்டுக்கு அருகே ஒரு இலையிலோ கம்பியிலோ அமர்ந்து காத்திருந்து, காவல் குறைந்த கணத்தில் அறைகளின் மேல் இறங்கி, முட்டையிடும் ஊசியைச் செலுத்திவிட்டுப் பறந்துவிடும். நம் ரோபாலிடியா மார்ஜினேட்டாவின் குஞ்சுகளும் இக்நியூமோனிட் குளவிகளுக்கும் டாக்கினிட் என்னும் ஈக்களுக்கும் இரையாகின்றன.

எலாஸ்மஸ் என்னும் பேரினத்தின் குளவிகள் இவற்றைவிடவும் சிறியவை. அவை மூடிய அறைக்குள் இருக்கும் முதிர்ந்த புழுவின் மேல் பல முட்டைகளை இடுவதால், ஒரு குளவி வெளிவர வேண்டிய அறையிலிருந்து பல சிறு குளவிகள் வெளிவரும்.

ஐரோப்பாவில் வெஸ்புலா பேரினக் குளவிகளின் கூட்டில் வாழும் ஸ்ஃபெகோஃபேகா வெஸ்பாரம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கோடைகாலத்தில் அதன் சில குஞ்சுகள் மெல்லிய வெள்ளைக் கூடுபின்னி விரைவில் வெளிவந்து, குட்டையான சிறகோடு அதே கூட்டுக்குள்ளேயே உலவி அடுத்த அறைகளைத் தாக்கும். பறந்து வெளியே போக வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை. மற்ற குஞ்சுகள் தடித்த மஞ்சள் கூடுபின்னி, குளவிகள் எல்லாம் செத்துக் கூடு பாழான பிறகும் உள்ளேயே தூங்கும். அப்படிச் சில ஆண்டுகள் வரை கூடக் கிடந்துவிட்டு வெளிவருபவை உண்டு.

கூட்டின் அருகிலேயே வராமல் உள்ளே புகும் குளவி உண்டு என்கிறார்கள், உண்மையா?

உண்மை. டிரைகோனாலிடே குடும்பத்துக் குளவிகள் ஆயிரக்கணக்கான மிகச் சிறிய முட்டைகளை இலைகளின் ஓரத்தில் இட்டுவிட்டுப் போய்விடும். இலையைத் தின்னும் புழு அதோடு முட்டையையும் விழுங்கும். அந்தப் புழுவை ஒரு சமூகக் குளவி வேட்டையாடி, மென்று உருண்டையாக்கித் தன் கூட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டும்போது ஒட்டுண்ணியும் அந்தக் குஞ்சின் வயிற்றுக்குள் சென்றுவிடும். ஊட்டும் கையே பகையை உள்ளே சேர்க்கிறது. ஜப்பானில் வாழும் பரியோகோனாலோஸ் ஜெசோயென்சிஸ் இப்படித்தான் கதண்டுகளின் கூட்டை அடைகிறது. எத்தனை முட்டைகள் புழுவின் வாய்க்கே எட்டாமல் வீணாகும் என்று எண்ணினால், ஏன் ஆயிரக்கணக்கில் இடவேண்டியிருக்கிறது என்பது புரியும்.

ராணியை வீழ்த்திக் கூட்டைக் கைப்பற்றும் குளவி எது? வேலைக்காரிகள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

நன்றாக ஆராயப்பட்டது பொலிஸ்டஸ் சல்சிஃபெர். மத்தியதரைக்கடல் நாடுகளில் வாழும் இந்தக் குளவிக்கு வேலைக்காரச் சாதியே கிடையாது; பிறப்பவை எல்லாம் ஆண்களும் வருங்கால ராணிகளும்தான். இதற்குக் கூடு கட்டத் தெரியாது. குஞ்சுகளை வளர்ப்பதும் பிறர் வேலையே. மலைகளில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தின் இறுதியில் தாழ்நிலத்துக்கு இறங்கி, பொலிஸ்டஸ் டொமினுலா என்னும் இனத்தின் கூட்டைத் தேடும். அந்தக் காலம் கணக்கிட்டதுபோல அமைகிறது: ராணி தனியாகவோ ஓரிரு துணையோடோ பாடுபட்டு வளர்த்த முதல் வேலைக்காரிகள் வெளிவரப்போகும் நேரம் அது.

அதன் தலை பெரியது, தாடைகளும் முன்னங்கால்களும் தடித்தவை, உடலின் ஓடு கடினம். போருக்கென்றே அமைந்த உடல். கூட்டில் இறங்கியதும் ராணியோடு கட்டிப் புரண்டு கடித்துச் சண்டையிடும். வென்றால் பழைய ராணி கொல்லப்படலாம், துரத்தப்படலாம், அல்லது தன் கூட்டிலேயே அடங்கிய வேலைக்காரியாக இருந்துவிடலாம்.

ஆனால் சண்டையால் மட்டும் கூடு கைக்கு வராது. குளவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது வாசனையால். உடலின் மேல் படிந்துள்ள மெழுகுபோன்ற ஹைட்ரோகார்பன் சேர்மங்களின் கலவை கூட்டுக்குக் கூடு மாறுபடும். உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, நம்மவள், அயலாள் என்று பிரித்தறிவார்கள். சண்டை முடிந்ததும் படையெடுத்தவள் செய்யும் முதல் வேலை, வயிற்றைக் கூட்டின் பரப்பில் தேய்த்துத் தேய்த்து நடப்பதும், கூட்டிலிருக்கும் குளவிகளை விடாமல் நக்குவதும்தான். அந்தக் கூட்டின் கையொப்பம் அவள் உடலில் ஏறிவிடுகிறது. பிறகு வெளிவரும் வேலைக்காரிகளுக்கு அவளே தாய். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வாசனை மாற்றத்தைப் படிப்படியாக வேதியியல் முறையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதே வழியில் வாழும் இன்னும் இரண்டு பொலிஸ்டஸ் இனங்கள் உண்டு. அவற்றுள் பொலிஸ்டஸ் அட்ரிமாண்டிபுலாரிஸ் சண்டையை விரும்பாமல், அடித்தாலும் பொறுத்து, பணிந்து பணிந்து உள்ளே இடம் பிடிக்கிறது. பிறகு பக்கத்துக் கூடுகளுக்குப் போய் அங்கிருந்து புழுக்களைப் பிடித்துவந்து, குடியேறிய கூட்டில் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. முரடும் பணிவும் ஒரே இடத்தில் போய் முடிவதை இந்த இரண்டிலும் காணலாம். வெஸ்புலா ஆஸ்ட்ரியாக்கா என்பதும் வேலைக்காரிகள் இல்லாத ஒட்டுண்ணியே. கிழக்காசியாவில் கதண்டுகளுக்குள்ளேயே வெஸ்பா டைபோவ்ஸ்கீ இனத்து ராணி வேறு கதண்டின் கூட்டைக் கைப்பற்றுவது உண்டு.

இப்படிப்பட்டவை நம் மலைகளில் இருக்கின்றனவா?

மேலே சொன்ன மூன்று பொலிஸ்டஸ் ஒட்டுண்ணிகளும் நம் நாட்டவை அல்ல. ஆனாலும், அயலாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்னும் சிக்கல் நம் சன்னல் ஓரத்துக் கூட்டிலும் உண்டு. ரோபாலிடியா மார்ஜினேட்டாவின் கூட்டில் அதே இனத்தின் அயல் குளவியை விட்டுப்பார்த்தால், வயது கூடியவளை விரட்டுவார்கள். பிறந்து சில நாட்களே ஆனவளைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். கடக்கரின் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டிய இந்த இளகிய மனத்தை நான் மிகவும் போற்றுகிறேன். ஏமாற்றுபவள் நுழையக்கூடிய வாசலும் அதுவே.

ஒட்டுண்ணி ஏன் தன் நெருங்கிய உறவினத்தையே பிடிக்கிறது?

இதை 1909-இல் இத்தாலியப் பூச்சியியலாளர் கார்லோ எமெரி எறும்புகளை வைத்துச் சுட்டிக்காட்டினார். எமெரி விதி என்றே வழங்குகிறது. நெருங்கிய உறவு என்றால் உடல் அமைப்பும், குஞ்சு உண்ணும் உணவும், வாசனை மொழியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஏமாற்றுவது எளிது.

கூட்டுக்காரர்கள் தங்களைக் காத்துக்கொள்வதில்லையா?

காத்துக்கொள்கிறார்கள். கூட்டை ஒரே மெல்லிய காம்பில் தொங்கவிட்டு, அந்தக் காம்பில் எறும்பை விரட்டும் சுரப்பைப் பூசுவது ரோபாலிடியாவும் பொலிஸ்டசும் செய்யும் வேலை. அது நடந்து வரும் எறும்புக்கு எதிரான காவல். பறந்து வரும் ஒட்டுண்ணிக்கு அது போதாது. சில பொலிஸ்டஸ் குளவிகள் இக்நியூமோனிடைக் கண்டதும் கூட்டின் மேல் வெட்டி வெட்டி ஓடி எல்லோரையும் எச்சரிக்கும். வெப்பமண்டல அமெரிக்காவின் பொலிஸ்டஸ் கனடென்சிஸ், குஞ்சுகளைத் தாக்கும் அந்துப்பூச்சியின் தொல்லையால், ஒரே பெரிய அடைக்குப் பதிலாகப் பல சின்ன அடைகளைக் கட்டிப் பழையவற்றைக் கைவிடுகிறது. கதண்டின் கூட்டுக்கு மேல் போர்த்திய காகித உறையும் ஒரே ஒரு வாசலும் காவலை எளிதாக்குகின்றன. சல்சிஃபெர் பிடித்த கூட்டிலும் அடிமைத்தனம் முழுமையாவதில்லை. சில வாரங்களில் வேலைக்காரிகள் தாங்களே முட்டையிடும் நிலைக்கு வருவது காணப்பட்டுள்ளது.

சில குளவிகளின் வயிற்று வளையங்களுக்கு இடையே பழுப்பு நிற முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறதே?

அது குளவியன்று, ஸ்ட்ரெப்சிப்டெரா என்னும் வேறு வரிசைப் பூச்சி. பொலிஸ்டஸ் குளவிகளைத் தாக்குவது செனோஸ் பேரினம். பெண்ணுக்குச் சிறகும் காலும் இல்லை. குளவியின் உடலுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்து, தலைப்பகுதியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்குச் சிறகு உண்டு, ஆயுள் சில மணி நேரமே. தாக்கப்பட்ட வேலைக்காரி கூட்டு வேலையை விட்டுவிட்டு வெளியேறி, தன்னைப்போன்ற நோயாளிகளோடு ஓரிடத்தில் கூடி அமர்ந்துவிடும்.

இந்த ஒட்டுண்ணிக் குளவிகள் நம்மைக் கொட்டுமா?

பெரும்பாலானவை கொட்டுவதில்லை. வால்போல நீண்டிருப்பது முட்டையிடும் ஊசி. கையில் பிடித்து அழுத்தினால் சில பெரிய இக்நியூமோனிட்கள் குத்தக்கூடும். பொற்குளவி சுருண்டுகொள்வதோடு சரி. ராணியாகக் குடியேறும் ஒட்டுண்ணிகளுக்கு மட்டும் மற்றக் குளவிகளைப்போலவே கொடுக்கு உண்டு.

கதண்டுகளை ஒழிக்க இவற்றை வளர்த்து விடலாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பப்பாளிக் கள்ளிப்பூச்சிக் கதையை அறிந்த விவசாயிகள். தமிழ்நாட்டில் பப்பாளியையும் மல்பெரியையும் மாவுபோல மூடிய அந்தப் பூச்சிக்கு எதிராக 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு, பெரும் பயன் தந்தது. குளவியைக் குளவியால் அடக்கும் முயற்சி அவ்வளவு எளிதாக இல்லை. நியூசிலாந்தில் வந்தேறிய வெஸ்புலா குளவிகளுக்கு எதிராக மேலே சொன்ன ஸ்ஃபெகோஃபேகாவை 1980-களில் விட்டார்கள். அது சில இடங்களில் வேரூன்றியது. குளவிகளின் எண்ணிக்கையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பல அறைகள் கொண்ட கூட்டில் சில அறைகளை இழந்தாலும் ராணி முட்டையிட்டு ஈடுகட்டிவிடுவாள். மேலும், நம் கதண்டுகள் வந்தேறிகள் அல்ல. இந்த மலையின் பிறப்புரிமை உடையவை. தோட்டத்துப் புழுக்களைத் தின்று அவை செய்யும் உதவியையும் மறக்கலாகாது.

அப்படியானால் ஆள் நடமாடும் இடத்தில் உள்ள கூட்டை என்ன செய்வது?

தீப்பந்தம் வேண்டாம். கதண்டுக் கூட்டை நீங்களே தொடாமல் 101 என்ற எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை அழையுங்கள். கொட்டுப்பட்டால் உடனே அந்த இடத்தை விட்டு விலகுங்கள். குளவியின் கொடுக்கு முறிந்து உடலில் தங்காது, ஒன்றே பலமுறை கொட்டும். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, பல இடங்களில் கொட்டுப்பட்டிருந்தாலோ, சுண்ணாம்பும் வெங்காயமும் தேடி நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல கொட்டுகள் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும்.

ஒரு கூட்டில் ஒட்டுண்ணி இருந்ததா என்று எப்படி அறிவது?

குளவிகள் விட்டுப்போன, அல்லது காற்றில் விழுந்த சிறிய ரோபாலிடியா கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இயல்பாக வெளிவந்த குளவி, அறை வாயிலில் உள்ள பட்டு மூடியை விளிம்போடு வட்டமாகக் கடித்துத் திறந்திருக்கும். மூடி அப்படியே இருக்க அதில் குண்டூசித் தலையளவு துளை மட்டும் இருந்தால், வெளிவந்தது சிறிய ஒட்டுண்ணி. மூடி திறக்கப்படாமலே இருந்தால் அதைப் பிய்க்க வேண்டாம். கூட்டைச் சாடியில் இட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் நேரே படாத, எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். தேதியை ஒரு சீட்டில் எழுதிச் சாடியில் ஒட்டுங்கள். எறும்புக்குச் சாடியை நீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் போதும். நாள்தோறும் காலையில் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறியவை வெளிவந்த ஓரிரு நாளில் செத்துச் சாடியின் அடியில் தூசியைப்போலக் கிடக்கும். ஸ்டோரின் கூரையிலிருந்து சென்ற மழைக்காலத்தில் விழுந்த கூடு ஒன்றில் மூடிய அறைகள் ஐந்து இருந்தன. மூன்றிலிருந்து கூட்டுக்காரியின் பிள்ளைகளே வந்தன; நான்காவதிலிருந்து நீண்ட உணர்கொம்பை இடைவிடாமல் நடுக்கிக்கொண்டு ஒரு மெல்லிய குளவி வந்தது. ஐந்தாவது அறை இன்னும் திறக்கவில்லை.